கேயாஸ் படித்துவிட்டால் டர்புலன்ஸ் தனியாக வேண்டாமா?

கேள்வி, ஜூலை 6

எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு, புதுச்சேரி. இந்த செமஸ்டரில் ஒரு விருப்பப் பாடம்தான் எடுக்க முடியும். நேரியலற்ற இயக்கவியலும் (கேயாஸ் இதில்தான்) பாய்ம இயக்கவியலும் (டர்புலன்ஸ் இதில்தான்) ஒரே மணி நேரத்தில் வருகின்றன. "கேயாஸை எடு, டர்புலன்ஸ் தானாக வந்துவிடும், ரெண்டும் ஒண்ணுதான்" என்கிறார் சீனியர். கேயாஸுக்கு உதாரணமாகக் காட்டும் லொரென்ஸின் மூன்று சமன்பாடுகளே பாய்மத்திலிருந்து வந்தவைதானே அண்ணா? மூன்று வரியில் விஷயம் முடியும்போது பாய்ம ஓட்டத்தின் அடிப்படைச் சமன்பாடான நேவியர்-ஸ்டோக்ஸோடு எதற்கு மல்லுக்கட்ட வேண்டும்?

ஜூலை 6, இரவு

ஒன்றல்ல. கேயாஸ் என்பது விதி திட்டவட்டமாக இருந்தும் தொடக்கத்தில் உள்ள சின்ன வித்தியாசம் பெருகிப்போவது. டர்புலன்ஸ் என்பது பாய்மம் பல அளவுச் சுழிகளாகக் கலங்கி ஓடுவது. லொரென்ஸ் பெயரை நீங்களே இழுத்துவிட்டதால் அங்கிருந்தே தொடங்கலாம்.

கீழே சூடாக்கி மேலே குளிரவைத்த பாய்ம அடுக்கில் நடக்கும் வெப்பச்சலனத்தை சால்ட்ஸ்மன் 1962-இல் ஃபூரியர் தொடராக விரித்து எழுதினார். அந்த வரிசையில் மூன்று உறுப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் லொரென்ஸ் வெட்டினார். 1963-இல் கட்டுரை வந்தது. அதில் மூன்று மாறிலிகள்: சிக்மா 10, பி 8/3, ஆர் 28. இந்த ஆர் என்பது ராலே எண்ணை (சூடு பாய்மத்தை எவ்வளவு பலமாகக் கிளப்புகிறது என்பதன் அளவு) அதன் மாறுநிலை மதிப்பால், அதாவது வெப்பச்சலனம் தொடங்கும் மதிப்பால், வகுத்தது. மூன்று உறுப்பு போதும் என்பது ஆர் 1-ஐ ஒட்டி இருக்கும்வரைதான் செல்லும். 28-க்குப் போனால் நிஜப் பாய்மம் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். இரு பரிமாண வெப்பச்சலனத்தில் உறுப்புகளைக் கூட்டிக்கொண்டே போனால் அந்தக் கேயாஸ் காணாமலே போகிறது என்று 1984-இல் கணினியில் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

இதனால் லொரென்ஸுக்கு ஒரு குறையும் இல்லை. விதிகள் திட்டவட்டமாக இருந்தும் வானிலையை ஏன் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்கு மூன்று வரி போதும். பாய்மத்தைப் புரிந்துகொள்ள அந்த மூன்று வரி போதாது.

ஜூலை 7

சீனியர் அதை எங்கிருந்து பிடித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தவறு அவருடையது மட்டுமல்ல. 1970-களின் கடைசியில் பாதி இயற்பியல் உலகம் அப்படித்தான் பேசியது.

1944-இல் லாண்டாவ் சொன்னது இது: வேகம் கூடக் கூட ஓட்டத்தில் முதலில் ஓர் அதிர்வெண் தோன்றும், அப்புறம் இன்னொன்று, அப்புறம் மற்றொன்று, இப்படி எண்ணற்றவை சேர்ந்ததுதான் டர்புலன்ஸ். 1948-இல் ஹோஃப் சொன்னதும் கிட்டத்தட்ட இதுவே. 1971-இல் ரூயெலும் டாக்கன்ஸும் வந்து, எண்ணற்றவை வேண்டாம், சில படிகளிலேயே ஓட்டம் ஒரு விசித்திர ஈர்ப்பானில் (வந்த பாதையிலேயே திரும்ப வராமல், ஆனால் ஒரு எல்லைக்குள்ளேயே சுற்றும் கேயாஸ் வடிவம்) விழுந்துவிடும் என்றார்கள். 1975-இல் கோலப்பும் ஸ்வின்னியும் இரண்டு உருளைகளுக்கு இடையே திரவத்தை வைத்து, உள் உருளையைச் சுழற்றி, லேசரால் வேகத்தை அளந்தார்கள். ஓர் அதிர்வெண் வந்தது, கொஞ்சம் கழித்து வேறொன்று சேர்ந்தது, அதற்குப் பிறகு நிறமாலை அகன்று பரவிவிட்டது. லாண்டாவின் நீண்ட வரிசை வரவே இல்லை. பிறகு ஃபைகன்பாமின் 4.669, அலைவுக்காலம் திரும்பத் திரும்ப இரட்டிப்பாகிக் கேயாஸுக்குப் போகும் வழியில் வரும் விகிதம். அதைத் தொடர்ந்து லிப்சேபரும் மௌரரும் திரவ ஹீலியத்தில் அலைவுக்காலம் இரட்டிப்பாவதை அளந்தே காட்டினார்கள். ஒரு கணிதச் சங்கதி அப்படியே பாய்மத்தில் வந்து நின்றால் யாருக்குத்தான் தலைகால் புரியும்?

ஆனால் அந்த ஹீலியம் பெட்டியின் அளவைப் பாருங்கள். சில மில்லிமீட்டர். ஒன்றிரண்டு வெப்பச்சலனச் சுருள்களுக்கு மேல் உள்ளே இடமே கிடையாது. மாறிகள் பெருக வழியில்லாததால்தான் விஷயம் சிலவற்றோடு நிற்கிறது. குழாயிலும் ஆற்றிலும் காற்றிலும் அந்தச் சௌகரியம் இல்லை.

ஜூலை 9

"நீங்க எதை எடுத்தீங்க?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் எடுத்தது கேயாஸ். எனக்கு ஊர் கடலூர் முதுநகர். காலாப்பட்டுக்கு பஸ்ஸில் போய்வந்து படித்தவன். பாதிப் பாடம் பஸ்ஸிலேயே படித்தேன். லொரென்ஸுக்கு லியாபுனோவ் அடுக்கெண் (சின்னப் பிழை எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்பதன் அளவு) கணக்கிட்டு 0.9 வந்த நாளில் பெரிய ஆள் ஆகிவிட்ட நினைப்பு. நல்ல மதிப்பெண்ணும் வந்தது.

புராஜெக்ட் சமயத்தில் ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் சூடான கம்பி வேகமானியைப் பார்க்க வாய்ப்பு கிடைத்தது. ஐந்து மைக்ரான் தடிமன் டங்ஸ்டன் கம்பி. மின்சாரத்தால் அதைச் சூடாக வைத்திருப்பார்கள். காற்று எவ்வளவு வேகமாகப் பட்டுக் குளிரவைக்கிறது என்பதை வைத்து வேகத்தைச் சொல்லும். கம்பி மூச்சுப் பட்டாலே அறுந்துவிடும் என்று சொல்லி, பக்கத்தில் யாரையும் விடமாட்டார்கள். அதன் தரவைக் கொண்டுவந்து, வகுப்பில் படித்தபடி தாமத ஆயங்களில் (ஒரே தரவைக் கொஞ்சம் கொஞ்சம் காலம் தள்ளி எடுத்துப் பல அச்சுகளாக வைப்பது) விரித்து, ஈர்ப்பானின் பரிமாணம் என்ன என்று பார்க்க உட்கார்ந்தேன். லொரென்ஸுக்கு இதே வேலை செய்தால் 2.06 என்று வந்து நிற்கும். இங்கே ஆயங்களைக் கூட்டக் கூட்ட விடையும் கூடிக்கொண்டே போனது. நிற்கவே இல்லை.

ஏன் நிற்கவில்லை என்பதை ஒரு கட்டுரை சொன்னது. 1992-இல் கீஃப், மொயின், கிம் மூவரும் இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஓடும் டர்புலன்ட் ஓட்டத்தின் ஈர்ப்பானைக் கணக்கிட்டார்கள். டர்புலன்ஸ் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு மட்டுமே வேகம் உள்ள, ரொம்பச் சாதுவான ஓட்டம் அது. அதற்கே பரிமாணம் சுமார் 780. 2.06 எங்கே, 780 எங்கே. 780 பரிமாணத்தை ஒரு கம்பியின் தரவிலிருந்து மீட்க எந்தக் கொம்பனாலும் முடியாது. அத்தனை தரவு சேராது.

ஜூலை 11

கடைசித் தேதி நெருங்குகிறது, நேராகச் சொல்லுங்கள் என்கிறார் கேள்வி கேட்ட தம்பி. சரி.

பாய்ம இயக்கவியலை எடுங்கள். கேயாஸை ஒரு மடிக்கணினி இருந்தால் வீட்டிலேயே படித்துவிடலாம். லாஜிஸ்டிக் மேப்பை (ஒரே வரியில் கேயாஸ் தரும் சூத்திரம்) ஒரு சாயங்காலத்தில் வரைந்து பார்க்கலாம். சோதனையாகச் செய்ய ஆசை என்றால் முரளி-லக்ஷ்மணன்-சுவா சர்க்யூட் இருக்கிறது. 1994-இல் வந்தது, நம் தமிழ்நாட்டுக்காரர்கள் பெயர் தாங்கியது. மின்தடை, மின்தேக்கி, சுருள், சுவா டையோடு, அதை அசைக்க ஒரு சைன் அலை. பிரெட்போர்டில் போட்டால் ஆசிலாஸ்கோப்பில் கேயாஸ் தெரியும். பாய்மம் அப்படி அல்ல. தகைவு டென்சர், எல்லைப்படலம், எதை எதோடு ஒப்பிட்டு எந்த உறுப்பைத் தள்ளுவது போன்றவற்றுக்கெல்லாம் பக்கத்தில் ஓர் ஆள் இருந்து, "ஏன் இதைத் தள்ளினே?" என்று கேட்க வேண்டும். அந்தக் கண் புத்தகத்தால் மட்டும் வருவதில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு. பாய்மப் பாடத்தை எடுப்பவர் நோட்ஸைச் சொல்ல நீங்கள் எழுதிக்கொண்டு வரும் கதை என்றால் கேயாஸுக்கே போய்விடுங்கள். போன வருடத்துப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும்.

ஜூலை 13

தம்பி பாய்மம் எடுத்துவிட்டாராம். முதல் வகுப்பிலேயே "ரெனால்ட்ஸ் எண் 2000-க்குக் கீழே வரிச்சீர் ஓட்டம், 4000-க்கு மேலே சுழற்சி ஓட்டம், நடுவில் மாறுநிலை" வந்துவிட்டதாம். பதினோராம் வகுப்பில் நாங்கள் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதியது. இன்னும் சாகவில்லை.

ரெனால்ட்ஸ் எண் என்பது வேகத்தைக் குழாயின் விட்டத்தால் பெருக்கி இயக்கப் பாகுநிலையால் வகுத்தது. வரிச்சீர் என்றால் கலங்காமல் அடுக்கடுக்காக ஓடுவது, சுழற்சி ஓட்டம் என்றால் டர்புலன்ஸ். அது வேலைக்கு ஆகும் விதி. நான் இப்போது நெய்வேலிப் பக்கம் குழாயும் பம்ப்புமாகப் பிழைப்பவன். தினமும் அதைத்தான் வைத்துக் கணக்குப் போடுகிறேன். ஆனால் இயற்பியல்காரர் அதோடு நிற்கக்கூடாது. 1883-இல் மான்செஸ்டரில் சாயம் விட்டுப் பார்த்த ரெனால்ட்ஸே, தண்ணீரை அசையாமல் வைத்து, நுழைவாயைப் புனல் வடிவில் வழவழப்பாக்கி, 13,000 வாக்கில்தான் சாயக்கோடு உடைந்ததைக் கண்டார். இருபதாம் நூற்றாண்டில் ஒரு லட்சம் வரை வரிச்சீராகவே ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். நேரான வட்டக் குழாயில் மிகமிகச் சிறிய குலைவுகள் எல்லாமே அடங்கிவிடும் என்றுதான் நேரியல் நிலைப்புக் கணக்குகள் அத்தனையும் சொல்கின்றன, எண் எவ்வளவு பெரிதானாலும்.

இதன் அர்த்தம் என்ன? லாண்டாவோ ரூயெலோ சொன்ன முதல் படி, அதாவது வரிச்சீர் ஓட்டம் தன் நிலைப்பை இழந்து ஓர் அதிர்வெண்ணைப் பெறுவது, குழாயில் நடப்பதே இல்லை. யாராவது போதிய பலத்தோடு தட்டவேண்டும். தட்டினால் படிகள் எதுவும் இல்லாமல் ஒரே தாவலில் டர்புலன்ஸ். அதுவும் குழாய் முழுக்க அல்ல, அங்கங்கே திட்டுத் திட்டாக. அந்தத் திட்டை பஃப் என்பார்கள். 2011-இல் 4 மில்லிமீட்டர் விட்டமும் 15 மீட்டர் நீளமும் உள்ள கண்ணாடிக் குழாயில் இதை அளந்தார்கள். பஃப் எப்போதாவது திடீரென்று செத்துப்போகும், எப்போதாவது இரண்டாகப் பிரியும். சாவை விடப் பிறப்பு அதிகமாகும் இடம் ரெனால்ட்ஸ் எண் 2040. பிரம்மாண்டமாகப் பரவிய டர்புலன்ஸ் எல்லாம் அதற்கு மேலே போனபிறகுதான்.

வீட்டில் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு: மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் ஒளிபுகும் குழாய், மாடியில் ஒரு வாளி, பொட்டாசியம் பெர்மாங்கனேட். நம் ஊர்த் தண்ணீர் 30 டிகிரியில் இருக்கும், இயக்கப் பாகுநிலை சதுர மீட்டர்/நொடியில் 0.8-ஐப் பத்து லட்சத்தால் வகுத்தது. 2040 வர வேகம் நொடிக்கு 13 அல்லது 14 சென்டிமீட்டர். லிட்டர் பாட்டில் நிரம்ப ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம். அவ்வளவு மெதுவாகத் திறந்தால்தான் எல்லைக்கோட்டில் நிற்கலாம். வீட்டுக் குழாயைத் தாராளமாகத் திறந்துவிட்டு வரிச்சீரைத் தேடாதீர்கள்.

ஜூலை 14

ஒருவர் செய்து பார்த்து, ஓட்டத்தை 2040-க்கு நன்றாக மேலே கொண்டுபோயும் சாயம் நேராகவே ஓடுகிறது என்று எழுதியிருக்கிறார். குழாயைச் சுருளிலிருந்து வெட்டி அப்படியே மாட்டியிருப்பீர்கள். வளைந்த குழாயில் டர்புலன்ஸ் தாமதமாகத்தான் வரும். ஒரு பலகையில் நேராகக் கட்டுங்கள்.

ஜூலை 20

"நேவியர்-ஸ்டோக்ஸுக்குத் தீர்வே இல்லை, கண்டுபிடிப்பவருக்கு பத்து லட்சம் டாலர்" என்று ஒரு மேடம். பாதி சரி. கிளே கணித நிறுவனம் 2000-இல் அறிவித்த பரிசின் கேள்வி வேறு: முப்பரிமாணத்தில் வழவழப்பாகத் தொடங்கும் தீர்வு எப்போதும் வழவழப்பாகவே இருக்குமா, இல்லை எங்காவது வெடிக்குமா? இரு பரிமாணத்தில் இது தீர்ந்த விஷயம். நாளைக்கே யாராவது நிரூபித்துப் பரிசை வாங்கினாலும் என் பம்ப்புக்கு எத்தனை குதிரைத்திறன் என்பது மாறப்போவதில்லை. நிரூபணத்தைக் கொண்டுபோய் டெண்டரில் வைக்க முடியாது மேடம்.

கடவுளைப் பார்த்தால் டர்புலன்ஸ் பற்றிக் கேட்பேன் என்ற கதையும் வந்திருக்கிறது. ஹைசன்பர்க் சொன்னார் என்பார்கள், ஹோரஸ் லாம்ப் சொன்னார் என்பார்கள். எந்த வகுப்பில் கேட்டாலும் யாராவது ஒருவர் சொல்லியிருப்பார்.

ஆகஸ்ட் 17

தம்பி இப்போது புலம்புகிறார். பாடத்தில் கோல்மகோரவின் டர்புலன்ஸ் கோட்பாடு வந்துவிட்டதாம், "இதில் கேயாஸ் எங்கே இருக்கிறது?" என்கிறார். எங்குமே இல்லை. அதைத்தான் ஜூலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

1941-இல் கோல்மகோரவ் பாதையைப் பற்றியே பேசவில்லை. பெரிய சுழிகளுக்குள் ஆற்றல் நுழைகிறது, சின்னச் சுழிகளுக்குக் கைமாறுகிறது, கடைசியில் பாகுநிலை அதை வெப்பமாக்குகிறது. நடுவில் இருக்கும் அளவுகளுக்கு மேலே யார் கலக்கினார்கள் என்பதும் தெரியாது, கீழே என்ன பாகுநிலை என்பதும் தெரியாது. அவற்றுக்குத் தெரிந்தது ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் கடந்து போகிறது என்பது மட்டுமே. அதை வைத்துப் பரிமாணப் பகுப்பாய்வு செய்தால் ஆற்றல் நிறமாலை அலை எண்ணின் (சுழி சின்னதாக ஆக ஆகக் கூடும் எண்) -5/3 அடுக்காக இறங்கவேண்டும் என்று வருகிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஓத நீரோட்டம் பாய்ந்து ஓடும் ஒரு கடல் கால்வாயில் அளந்து 1962-இல் வெளியிட்டார்கள். பல மடங்கு அளவு வித்தியாசத்துக்கு அந்த -5/3 நேர்கோடாக விழுந்தது. கேயாஸில் இப்படி ஒரு கணக்கு வராது.

விடுதி அறையில் போட்டுப் பார்க்கலாம். அறை 3×4×3 மீட்டர், உள்ளே காற்று சுமார் 40 கிலோ. மின்விசிறி 75 வாட். அதில் பாதி மோட்டாரிலேயே போனாலும் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு வாட் காற்றில் இறங்குகிறது. பாகுநிலையின் மும்மடியை இந்த வாட்டால் வகுத்து நான்காம் மூலம் எடுத்தால் கால் மில்லிமீட்டர். இதற்குக் கீழே சுழி கிடையாது. விசிறியின் வாட்டைத் தப்பாக எடுத்திருந்தாலும் நான்காம் மூலம் காப்பாற்றிவிடும், விடை பெரிதாக அசையாது. இப்போது அந்த அறையைக் கால் மில்லிமீட்டர் கட்டங்களாகப் பிரியுங்கள். இரண்டு லட்சம் கோடிக்கு மேல் வரும். லொரென்ஸுக்கு மூன்று எண், ஒரு விடுதி அறைக்கு இரண்டு லட்சம் கோடி. இரண்டும் ஒன்றுதான் என்ற சீனியரிடம் இதைக் காட்டுங்கள்.

இதற்கு அப்புறம் வரும் பாடம் எனக்குப் பிடிக்காத பகுதி. ரெனால்ட்ஸ் 1895-இல் சமன்பாட்டைச் சராசரி எடுத்தார். சராசரி எடுத்ததும் புதிதாக ஒரு தெரியாத உறுப்பு முளைக்கிறது. அதற்குச் சமன்பாடு எழுதினால் அதில் இன்னும் பெரிய தெரியாத உறுப்பு. எங்கேயாவது நிறுத்தி ஒரு மாதிரியைத் திணிக்க வேண்டும். கே-எப்சிலான் என்று ஒன்று, அதற்கு 0.09, 1.44, 1.92, 1.0, 1.3 என்று ஐந்து மாறிலிகள். தேர்வுக்கு மனப்பாடம் செய்தேன். இப்போது மென்பொருளில் அவை ஏற்கெனவே நிரப்பியே வருகின்றன, நான் தொடுவதுகூட இல்லை. அழகு கிடையாது, ஆனால் சம்பளம் அதிலிருந்துதான் வருகிறது.

செப்டம்பர் 7

"முதலில் ஒழுங்கு, அப்புறம் கேயாஸ், அப்புறம் டர்புலன்ஸ், இந்த வரிசையாவது சரியா?" இதுவும் சரியில்லை.

கெடிலத்தில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கடலூரில் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே பாருங்கள். தூணுக்குப் பின்னால் நுரை இடது, வலது என்று மாறி மாறிச் சுருண்டு கழன்று போகும். கார்மன் சுழித்தொடர். உருளைக்குப் பின்னால் இது ரெனால்ட்ஸ் எண் 50 வாக்கிலேயே தொடங்குகிறது, அப்போது சுத்தமான சீரான அலைவு. தூணின் தடிமன் அரை மீட்டர், ஓட்டம் நொடிக்கு 20 சென்டிமீட்டர் என்று வைத்தால் ரெனால்ட்ஸ் எண் ஒரு லட்சத்தைத் தாண்டும். பின்னால் வருவது முழு டர்புலன்ஸ். ஆனாலும் சுழிகள் கழலும் தாளம் போகவில்லை. ஸ்ட்ரூஹால் எண் (சுழி கழலும் அதிர்வெண்ணைத் தடிமனால் பெருக்கி வேகத்தால் வகுத்தது) 0.2 என்ற கணக்கில் பன்னிரண்டு நொடி சொச்சத்துக்கு ஒரு சோடி. டர்புலன்ஸுக்கு உள்ளேயே தாளம் உட்கார்ந்திருக்கிறது.

புதுச்சேரி கடற்கரையில் பழைய பாலத்தின் தூண்களில் இதைப் பார்க்கலாமே என்றார் ஒருவர். அங்கே வேண்டாம். அலையும் சில நொடிக்கு ஒருமுறை வந்து போவதால் எது அலையின் வேலை, எது சுழியின் வேலை என்று பிரித்தறிய முடியாது. 2022-இல் அதில் ஒரு பகுதி இடிந்தும் விழுந்துவிட்டது, பக்கத்தில் விடவும் மாட்டார்கள்.

செப்டம்பர் 28

மழைக்காலம் நெருங்கினதும் ஃபெஞ்சல் பேச்சு வந்துவிட்டது. "பட்டாம்பூச்சி விளைவுதான் அண்ணா, அதனால்தான் சரியாகச் சொல்ல முடியவில்லை."

தானே புயலையும் ஃபெஞ்சலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் எங்கள் தலைமேல் வந்தவை. தானே 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே புகுந்து, முந்திரியையும் பலாவையும் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரையேறிவிட்டு நகராமல் உட்கார்ந்துகொண்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. புயலை இழுத்துப்போகும் மேல்காற்று பலமாக இருந்தால் சின்னப் பிழைகள் பெரிதாகத் தெரியாது. அது பலவீனமாக இருக்கும்போது எந்தப் பக்கம் நகரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பதெல்லாம் சில்லறை வித்தியாசங்களில் தொங்கும். அதற்கு ஒரு பட்டாம்பூச்சியைத் தனியாகப் பிடித்து வரத் தேவையில்லை.

அதோடு, லொரென்ஸிடம் இரண்டு கணக்குகள் இருக்கின்றன, ஒன்றைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். 1963-இன் கணக்கில் பிழை கந்துவட்டி போல ஏறும். ஆனால் ஆரம்பப் பிழையைப் பாதியாகக் குறைத்தால் ஒரு நிலையான கால அளவு கூடுதலாகக் கிடைக்கும். அளக்கும் கருவி நன்றாக ஆக ஆக எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் முன்னே பார்க்கலாம், கொள்கையளவில். 1969-இல் அவரே எழுதியது இதைவிட மோசம். பல அளவுச் சுழிகள் இருக்கும் ஓட்டத்தில் சின்னச் சுழி வேகமாகப் புரளும். கோல்மகோரவ் கணக்குப்படி அளவு பாதியானால் புரளும் நேரம் 0.63 மடங்கு. சின்னதில் இருக்கும் பிழை அதைவிடப் பெரியதைக் கெடுக்க, அது அடுத்ததைக் கெடுக்க, ஆகும் மொத்த நேரம் 1 + 0.63 + 0.40 + 0.25 என்று போகும். எத்தனை உறுப்பைச் சேர்த்தாலும் 2.7-ஐத் தாண்டாது. அதாவது எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும், பெரிய சுழி புரளும் நேரத்தைப் போல 2.7 மடங்குக்கு அப்புறம் ஒன்றும் தெரியாது. கேயாஸில் நம்பிக்கைக்கு இடம் உண்டு. டர்புலன்ஸ் அதையும் பறித்துக்கொள்கிறது.

(வளிமண்டலத்தின் மிகப் பெரிய அளவுகளில் நிறமாலை இன்னும் செங்குத்தாக இறங்குகிறது, -5/3 சில நூறு கிலோமீட்டருக்குக் கீழேதான். அதனால் 2.7-ஐ அப்படியே தூக்கிக்கொண்டு வானிலை மையத்தோடு சண்டைக்குப் போகாதீர்கள்.)

அக்டோபர் 5

ஜூலையில் எழுதினவற்றைத் திரும்பப் படித்தேன். கேயாஸுக்கு டர்புலன்ஸில் வேலையே இல்லை என்று நான் சொல்வதாக ஓரிருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த அளவுக்குப் போகவேண்டாம்.

பஃப் செத்துப்போகும் என்று எழுதினேன் அல்லவா, அதில்தான் கேயாஸ் பின்வாசல் வழியாக உள்ளே வருகிறது. பஃப் எவ்வளவு நேரமாக உயிரோடு இருக்கிறது என்பதற்கும் அடுத்த நொடி சாவதற்கும் சம்பந்தமே இல்லை, கதிரியக்கச் சிதைவில் இருப்பது போலவே. கேயாஸ்காரர்களுக்கு இது பழகிய முகம்: ஈர்ப்பான் அல்ல, ஓட்டை உள்ள கேயாஸ். உள்ளே சுற்றிச் சுற்றி வந்து ஓட்டை கிடைத்ததும் வரிச்சீருக்குத் தப்பிவிடுகிறது. 1990-இல் நகாடா எதிரெதிர்த் திசையில் நகரும் இரண்டு இணைத் தட்டுகளுக்கு இடையே யாரும் எதிர்பாராத நிலையான ஒரு தீர்வைக் கண்டுபிடித்தார். 2001-இல் கவாஹராவும் கிடாவும் அதே ஓட்டத்தில் நிலையற்ற அலைவுப் பாதைகளைக் காட்டினார்கள். 2003-இல் ஃபைஸ்ட்டும் எக்கார்ட்டும் குழாய்க்கே பயண அலைத் தீர்வுகளைக் கொண்டுவந்தார்கள். டர்புலன்ஸ் இவற்றுக்கு நடுவே ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது என்பது இப்போது மரியாதையான பார்வை. பரிமாணம் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் பாதையைத் தேடலாம். வழி ரூயெல் காட்டியது அல்ல, அவ்வளவுதான்.

ஆகவே தம்பி, அடுத்த செமஸ்டரில் கேயாஸ் வந்தால் அதையும் எடுங்கள். எடுக்காமல் வீட்டில் படித்தாலும் சரி. சந்திரசேகரின் 1961 நிலைப்புப் புத்தகம் நூலகத்தில் இருக்கும். கொஞ்சம் மிரட்டும், முதல் சில அத்தியாயங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். மேலும் கீழும் கெட்டியான தட்டுகள் இருந்தால் வெப்பச்சலனம் தொடங்க ராலே எண் 1708 என்பதை அதில் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள்.

அக்டோபர் 19

தம்பி வீட்டிலேயே லொரென்ஸைத் தொடங்கிவிட்டார். தன் மடிக்கணினியில் வரும் வரைபடமும் நண்பர் கணினியில் வருவதும் கொஞ்ச நேரத்துக்குப் பிறகு ஒத்துப்போகவில்லை, யாருடையது தப்பு என்கிறார். அதை வைத்துச் சொல்ல முடியாது. கடைசி இலக்கத்தை இரண்டு கணினியும் வேறு மாதிரி முழுமையாக்கினாலே போதும். லொரென்ஸே 0.506127 என்பதை 0.506 என்று தட்டச்சு செய்துதான் இதைக் கண்டார்.

பாதையை ஒப்பிடாதீர்கள், புள்ளிவிவரத்தை ஒப்பிடுங்கள். பாய்ம வகுப்பில் அதைத்தானே செய்கிறீர்கள். நான்காம் படி ருங்கே-குட்டா முறை, காலப்படி 0.01, முதல் 50 அலகை எறிந்துவிட்டு நீண்ட நேரம் ஓட்டி மூன்றாவது மாறியான இசட்டின் சராசரியை எடுங்கள். 23.5-ஐ ஒட்டி வரவேண்டும். இரண்டு பேருக்கும் வந்தால் இருவருமே சரி.

அக்டோபர் 20

நண்பருக்கு வருகிறது, தம்பிக்கு வரவில்லையாம். நிரலை அனுப்பியிருக்கிறார். சி மொழியில் பி-க்கு நேராக 8/3 என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் முழு எண் என்பதால் அது 2 என்றுதான் எடுத்துக்கொள்ளும். 8.0/3.0 என்று மாற்றுங்கள். பி 2 ஆனாலும் ஆர் 28-இல் கேயாஸ் இருக்கும், படமும் பட்டாம்பூச்சியாகவே வரும். அதனால்தான் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.